செலஸ்ரீனாவின் பதினான்கு பேர்

பழைய பல் பிரஷ்ஷால் வக்கீலின் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் செலஸ்ரீனா. வக்கீல் இறந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. பளிங்குப் பலகையில் பதித்த பீங்கான் படத்தில் அவருக்கு இன்னும் கறுப்பு மீசைதான். மூக்கின் ஓரத்தில் மட்டும் மழைக்காலம் வந்தால் பச்சையாகப் பாசி பிடித்துவிடும். "உவர் சரியான ஊத்தை. மற்ற ஆக்களுக்கு ஒருக்காத் துடைச்சால் காணும், உவருக்கு மூண்டு தரம் வேணும்" என்று என்னிடம் கோள் சொல்கிறார்.

கல்லறைத் தோட்டத்தை இலங்கையின் மன்னார்க் கத்தோலிக்கர்கள் சேமக்காலை என்பார்கள். இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் விளிம்பில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சேமக்காலையில் பாதிப் பேரை மண்ணில் புதைப்பதில்லை, சுவரில் அடுக்குகிறார்கள். ஐந்து தட்டுச் சுவர். ஒரு பெட்டி நுழையும் அளவுக்குப் பொந்து, அதை மூடிய பளிங்குப் பலகை, அதில் பெயரும் படமும் ஒரு சின்னப் பூச்சாடியும். மேல் தட்டுகளுக்கு ஏற, சக்கரம் வைத்த இரும்பு ஏணி. முதல் தடவை பார்த்தபோது பெரிய மருந்துக்கடைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

செலஸ்ரீனாவுக்கு ஐம்பத்தேழு வயது. மன்னார்ப் பேசாலையிலிருந்து இங்கே வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. காலையில் பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு மாடி வீட்டில் எண்பத்தெட்டு வயதுச் சிஞ்ஞோராவை, அதாவது எஜமானியம்மாளை, குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, அதற்குக் கூலியாகத் திட்டும் வாங்கிக்கொள்கிறார். வக்கீல் அந்தச் சிஞ்ஞோராவின் கணவர். பல வருடங்களுக்கு முன், முழங்கால் மடங்க மறுத்தபோது அந்த அம்மாள் தனக்குப் பதிலாக இவரைச் சேமக்காலைக்கு அனுப்பினார். இவர் துடைத்த துடைப்பில் பக்கத்துப் பலகைகளெல்லாம் அழுக்காகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. தோரினோவுக்குக் குடிபோன ஒரு குடும்பம், எங்கள் அப்பாவையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. அப்படியே பரவி, இன்று செலஸ்ரீனாவின் கையில் பதினான்கு பேர்.

பதினான்கு பேருக்கும் சொந்தங்கள் இருக்கிறார்கள், இங்கேதான் இல்லை. நூறு வருடமாகப் பிழைப்பைத் தேடிக் கப்பலேறிய ஊர் இது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் நியூஜெர்சியிலும் புவெனஸ் ஐரிஸிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இத்தாலியம் வராது, ஆனால் வாட்ஸ்அப் வரும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை செலஸ்ரீனா துடைத்து, பூ வைத்து, படம் எடுத்து அனுப்புகிறார். அந்தப் பக்கத்திலிருந்து இதயமும் கும்பிடும் கையும் வந்து விழுகின்றன. இதில் ஏதோ வேடிக்கை இருப்பதாக நினைத்து நான் ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இவையின்ரை சனம் அங்கை, நான் இஞ்சை. ஆரோ ஒராள் துடைக்கத்தானே வேணும்" என்றார்.

அவருக்குச் சட்டதிட்டம் நிறைய. லில்லிப் பூ கூடாது, அதன் மகரந்தம் பளிங்கில் மஞ்சளாகக் கறை போடும். பிளாஸ்டிக் பூ கூடவே கூடாது. எலுமிச்சம்பழத்தைக் கண்ணிலும் காட்டக் கூடாது, புளிப்பு கல்லைத் தின்றுவிடும். தமிழ்நாட்டிலிருந்து எலுமிச்சை மரங்களின் நோயை ஆராய இங்கே வந்தவன் நான், என் பையில் எப்போதும் இரண்டு மூன்று காய் கிடக்கும். அதனால் சேமக்காலை வாசலிலேயே என் பையைச் சோதிக்கிறார். தோடு போட்டு, இஸ்திரி போட்ட சட்டை அணிந்துதான் வேலைக்கு வருவார். செத்தவர்களுக்கு முன்னாலும் மனுஷர் ஒழுங்காக நிற்க வேண்டுமாம்.

எங்கள் பழக்கமே பூவில்தான் தொடங்கியது. பேராசிரியர் வீட்டு விருந்துக்குப் போகிறோமே என்று, வியா மக்வேதா தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பெரிய கொத்துச் சாமந்தி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். எதிரே இருந்த பெண் என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆர் செத்தது?" என்று தமிழில் கேட்டார். இந்த நாட்டில் சாமந்தி சாவுக்கு மட்டும் உரிய பூ. கொத்தை அவரே வாங்கிக்கொண்டார். மறுநாள் அது பல்வைத்தியரின் பலகையில் இருந்ததாகச் சொன்னார். பல்வைத்தியர் மூன்றாம் தட்டு. வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் செலஸ்ரீனாவிடம் இல்லை. வக்கீல், பல்வைத்தியர், இரட்டைப் பிள்ளையள், சிரிக்கிற கஸ்பாரே.

இந்தச் சிரிக்கிற கஸ்பாரே மேல் அவருக்குத் தனி வாஞ்சை. கஸ்பாரே வித்ரானோ, பிறப்பு 1911, பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவின் மீனவர். கல்லறைப் படத்துக்கு யாரும் இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்க மாட்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து ரோசலின் என்றொரு பெண் முகநூல் வழியாகச் செலஸ்ரீனாவைக் கண்டுபிடித்து, தன் தாத்தாவின் கல்லறையைத் தேடித் தரச் சொன்னார். தாத்தாவின் பெயர், பிறந்த வருடம், ஊர், இவ்வளவுதான் தகவல். ரோசலினின் அப்பா பினோ பதினேழு வயதில் தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறியவர். என்ன சண்டை என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் ஊருக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லையாம். செலஸ்ரீனா இரண்டு சனிக்கிழமை தேடி, இந்தச் சிரிப்பைக் கண்டுபிடித்துப் படம் அனுப்பினார். அன்றிலிருந்து கஸ்பாரேக்குப் பூ தவறியதில்லை. செலஸ்ரீனாவின் செபமாலையிலும் அவருக்கு ஒரு மணி உண்டு.

போன அக்டோபர் கடைசியில், புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்காகச் சுவரின் பின்பக்கம் ஐந்தாம் தட்டுக்கு ஏணியில் ஏறியிருக்கிறார். பக்கத்துப் பலகையில் தூசியைத் தட்டினால், கஸ்பாரே வித்ரானோ, 1911. படம் இல்லை. கீழே, மனைவி ரோசாலியாவும் பிள்ளைகளும் வைத்தது என்று ஒரு வரி. ஏணியிலிருந்து இறங்கி முன்பக்கம் ஓடிப்போய்ச் சிரிக்கிறவரின் பலகையைப் பார்த்திருக்கிறார். அதில் சகோதரிகள் வைத்தது என்று இருந்தது. மனைவி பெயரே இல்லை.

சிசிலியில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைப்பார்கள். நாலு மகன்கள் இருந்தால் நாலு பேரும் தங்கள் மூத்த பையனுக்கு அதே பெயரை வைப்பார்கள். ஒரே பெயரில் ஒரே வயதில் நாலு கஸ்பாரேக்கள் ஒரு தெருவில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். பெண்களுக்குப் பாட்டி பெயர். ரோசாலியாவின் பேத்திதான் ரோசலின். இதெல்லாம் செலஸ்ரீனாவுக்கு அத்துப்படி. "கலியாணமே முடிக்காத மனுசனுக்குப் பேத்தி எங்காலை வந்தது எண்டு பதினொரு வருசமா நான் யோசிக்கேல்லையே தம்பி" என்று போனில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. பினோ போன வருடம் இறந்துபோனார். அவர் சாவதற்கு முன் தன் போனில் பதிந்து வைத்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதைத் தாத்தாவின் கல்லறையில் போட்டுக் காட்ட ரோசலின் உலகத்தின் மறுகோடியிலிருந்து கிளம்பிவிட்டார். நவம்பர் இரண்டாம் தேதி, மரித்தவர்களின் திருநாள் அன்று காலை சேமக்காலையில் சந்திப்பு. ரோசலினுக்கு ஆங்கிலம் மட்டும். செலஸ்ரீனாவுக்குத் தமிழ், இத்தாலியம், சிஞ்ஞோராவின் வாயிலிருந்து கற்ற சிசிலி வட்டார மொழி. நடுவில் மொழிபெயர்க்க நான்.

பஸ்ஸில் அவர் மூன்று தரம் மனசை மாற்றிக்கொண்டார். சொல்லிவிடுவோம் என்றார். சொன்னால் அந்தப் பிள்ளை தாங்காது, வேண்டாம் என்றார். சொல்லாவிட்டால் பாவம் என்றார். "சொல்லிடுங்கக்கா, தப்பு யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். அவர் கேட்டது வேறு. "பதினொரு வருசமா நான் சொன்ன செபமெல்லாம் ஆருக்குப் போய்ச் சேர்ந்தது? அந்த மற்ற மனுசன் ஒரு மெழுகுதிரி இல்லாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலை இருந்து என்னைப் பாத்திருக்குமே." செத்தவர்கள் மோட்சத்துக்கு முன் பாவம் தீரக் காத்திருக்கும் இடம் உத்தரிக்கிற ஸ்தலம், உயிரோடு இருப்பவர்களின் செபம்தான் அவர்களை அங்கிருந்து மேலே ஏற்றும் என்பது அவர் நம்பிக்கை. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று சேமக்காலையில் திருவிழாக் கூட்டம். இந்த ஊரில் அன்றைக்குச் செத்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவதாக ஐதீகம். சீனிப் பொம்மையை நக்கிக்கொண்டு குழந்தைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடின. ரோசலின் எங்களுக்கு முன்பே வந்து சிரிக்கிற கஸ்பாரேயின் முன்னால் நின்றிருந்தார். அறுபது வயது, வெயிலில் சிவந்த முகம், கையில் தொப்பி. செலஸ்ரீனாவைக் கட்டிக்கொண்டு அழுதார். படத்தின் மூக்கைத் தொட்டுக் காட்டி, அப்படியே என் அப்பாவின் மூக்கு என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். செலஸ்ரீனா தன் செருப்பைப் பார்த்தார்.

ரோசலின் நிறுத்தாமல் பேசினார். முதல் படம் வந்த நாளில் அப்பா அதை வெகுநேரம் பார்த்தாராம். பிறகு வாய்விட்டுச் சிரித்தாராம், அவர் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்ததாம். சாகும்போதும், அந்தப் படத்தில் இருக்கிறவர் முன்னால் இதைப் போட்டுக் காட்டு என்று சொல்லித்தான் போனைக் கொடுத்தாராம். செய்தி சிசிலி மொழியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை அவர் கற்றுத்தரவே இல்லை. தாத்தா முதலில் கேட்கட்டும் என்று இதுவரை யாரிடமும் ரோசலின் அர்த்தம் கேட்கவில்லை.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் செலஸ்ரீனா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினேழு வயசு வரைக்கும் பாத்த தேப்பன்ரை முகம் மகனுக்குத் தெரியாதே? பிழையான ஆள் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் சொல்லேல்லை? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை தம்பி." எனக்கும்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண் மங்கலாக இருந்திருக்குமோ என்று ரோசலினிடம் ஜாடையாகக் கேட்டேன். கடைசி மாதம்வரை அப்பா கண்ணாடி இல்லாமல் வலை பின்னினார் என்றார்.

அதற்குள் ரோசலின் போனைப் படத்தின் அருகே தூக்கிப் பிடித்து அழுத்திவிட்டார். ஒரு கிழவரின் கரகரத்த குரல், நடுவில் இருமல், மறுபடி குரல். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ரோசலினும் நானும் ஒன்றும் புரியாமல் நின்றோம். அங்கே அது புரிந்தது பேசாலைப் பெண்ணுக்கு மட்டும்தான்.  என்ன சொன்னார் என்று ரோசலின் கேட்டார். நான் செலஸ்ரீனாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கிறவரைப் பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்.

"கஸ்பாரே சித்தப்பா, நான் பினோ. முந்தி நானும் அப்பாவும் முகம் குடுத்துக் கதைக்காத நேரமெல்லாம் நீங்கள்தானே நடுவிலை நிண்டு சொல்லுவியள். இன்னும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. நான் கோவத்தை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. அவர் விட்டிட்டாரோ எண்டு கேளுங்கோ."

நான் ரோசலின் பக்கம் திரும்பினேன். "அப்பிடியே சொல்லுங்கோ தம்பி, ஒண்டையும் மறைக்காதேங்கோ. பிழை விட்டது நான் எண்டும் சொல்லுங்கோ" என்றார் செலஸ்ரீனா. சொன்னேன். சித்தப்பா என்ற சொல்லுக்கு ரோசலின் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி படத்தை. கோபப்படுவாரா, அழுவாரா, தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் மெல்லிய குரலில், அப்படியென்றால் என் தாத்தா எங்கே என்று மட்டும் கேட்டார்.

இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. செலஸ்ரீனா ஏற்கெனவே ஏணியைத் தள்ளத் தொடங்கியிருந்தார். சக்கரம் கிரீச்சிட, கூட்டம் விலகி வழிவிட்டது. சுவரைச் சுற்றிப் பின்பக்கம் போய் ஏணியை நிறுத்தினார். ரோசலினிடம் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டு ஐந்தாம் தட்டுவரை ஏறினார். போன வாரம் அவர் கை பட்ட இடத்தில் மட்டும் பெயர் தெரிந்தது, மற்றபடி தூசி படிந்தே கிடந்தது அந்தப் பலகை. அவர் அதைத் துடைக்கவில்லை. தலைமயிரை ஒதுக்கி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, விரலை மடக்கிப் பளிங்கில் இரண்டு தரம் தட்டினார்.