ஒன்பதாம் பெட்டியில் தெரிந்த பெண்

முதன்முதலில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தது சுந்தரவல்லிதான். கார்த்திகை மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, சதுப்புநிலக் காப்பக அலுவலகத்தின் கணினித் திரையில். ஒன்பதாம் எண் கேமராப் பெட்டியின் கார்டில் எழுநூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. கீரி, நண்டு, காற்றில் ஆடிய உமரிச் செடி, மறுபடி கீரி. அதற்கு நடுவே, வெள்ளை உடுத்திய ஒரு பெண் கேமராவுக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து முதுகெல்லாம் கிடந்தது. படத்தின் அடியில் நேரம் காலை 5.47 என்று இருந்தது.

காப்பகம் சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. சேறும் சவுக்கும் தில்லை மரமுமாக முந்நூறு ஏக்கர். சுந்தரவல்லி அங்கே வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினெட்டு வருடம் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து ஸ்டுடியோ ஒன்றில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட் படத்தில் பருவை அழிப்பது, கல்யாண ஆல்பத்தில் கண்ணை மூடிக்கொண்ட சித்தப்பாவுக்குக் கண் திறந்துவிடுவது, இறந்துபோனவரின் பனியன் மேல் கோட்டும் டையும் மாட்டிவிடுவது. ஆளாளுக்குக் கையில் போன் வந்ததும் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். கல்யாண வாழ்க்கை அவளுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஒத்துவரவில்லை. இரும்புலியூரில் அக்கா சந்திரிகாவின் வீட்டில் இருந்தாள். ஆயிரக்கணக்கான படங்களைச் சலிக்காமல் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை என்று காப்பகத்தில் கேட்பதாக யாரோ சொல்ல, போய் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு பெட்டிகள். மரத்தில் கட்டி வைத்த அந்தப் பெட்டிகள், எதிரே ஏதாவது அசைந்தால் தாமாகவே படமெடுக்கும். வாரம் ஒருமுறை கார்டுகளைச் சேகரித்து, எந்தப் படத்தில் என்ன விலங்கு என்று அவள் பதிய வேண்டும். அதோடு காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் மதகில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அதற்காகவே மதகுக்குப் பக்கத்திலேயே அவளுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் உள்ள குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். தனியாக இருக்க அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் எதையும் அழகாக்கித் தரச் சொல்லிக் கேட்காத இடம்.

அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடம் குவார்ட்டர்ஸிலிருந்து இருநூறு அடி இருக்கும்.

அன்றைக்கே பழைய கார்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். அக்டோபரில்தான் அந்தப் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். அவசரத்தில் தள்ளிவிட்ட படங்களில் இன்னும் மூன்று இடத்தில் அந்தப் பெண் இருந்தாள். ஒன்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொன்றைப் பார்த்துச் சுந்தரவல்லி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாலடி தள்ளி இரண்டு நரிகள் படுத்திருந்தன. ஒன்று முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. மனித வாடை பட்டாலே சவுக்குத் தோப்புக்குள் மறைந்துவிடும் ஜாதி அது. நான்கு வருடத்தில் அவள் நேரில் பார்த்ததெல்லாம் ஓடும் வால்தான்.

படகோட்டி ஷெர்வினைக் கூப்பிட்டுக் காட்டினாள். கோவளத்துக்காரன், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். படத்தைப் பார்த்ததும் அவன் கை தன்னால் சட்டைக்குள் இருந்த சிலுவையைத் தொட்டது.

"இன்னாக்கா இது, வெள்ளைத் துணி கட்டிகினு? நரிகூட அசையாம கீது பாரு. ஆளுன்னா அதுங்க ஓடிடும்."

"ஆள் இல்லாம வேற என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீ அங்க தனியா படுக்கறல்ல. அதான்."

பொறுப்பு அதிகாரி வேதாசலம் பேயைப் பற்றிப் பேசவில்லை. "உள்ளே ஆள் நடமாட்டம்னு எழுதியே ஆகணும்மா," என்றார். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலைதான் உருளும்." அத்துமீறி நுழைந்த பெண், வயது தெரியவில்லை, அடையாளம் தெரியவில்லை என்று சுந்தரவல்லியையே எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். ஷெர்வினும் அவளும் மூன்று நாள் விடியற்காலையில் காவல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பனி கழியை மூடியிருந்தது. மதகில் தண்ணீர் விழும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. யாரும் வரவில்லை.

நான்காம் நாள் ஷெர்வின் வரவில்லை. அன்று சுந்தரவல்லி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். டீ கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. இப்படி ஞாபகமில்லாமல் எங்கே பராக்குப் பார்க்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்தவள், வாசலைப் பார்த்தாள். குழாயடியிலிருந்து சிமெண்டுத் தரை வழியாக ஈரக் காலடிகள் வந்திருந்தன. செருப்பில்லாத கால். ஒவ்வொரு விரலும் தெரிந்தது. படியேறி, கதவு வரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அவள் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் திறந்தாள். தடங்கள் காய்ந்துபோயிருந்தன. அந்தப் பெண் தன் குழாயில் கால் கழுவிவிட்டுத் தன் வாசலில் நின்றிருக்கிறாள் என்று நினைத்தாள். வேதாசலத்திடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார். அதற்குப் பதிலாகக் கதவுக்கு இன்னொரு தாழ் வாங்கிப் போட்டாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்த அன்று ஷெர்வின் கார்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். இருவரும் ஒன்பதாம் பெட்டியை முழுக்கப் பார்த்தார்கள். நரிகள் இருந்தன. பெண் இல்லை.

"நீ இல்லாத வாரம் அவளும் வரலையேக்கா," என்றான் ஷெர்வின். சும்மாதான் சொன்னான். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

சுந்தரவல்லி நீர்மட்ட நோட்டை எடுத்தாள். அந்தப் பெண் தெரிந்த தேதிகளை ஒரு தாளில் எழுதி, நோட்டில் அதே தேதிகளைத் தேடினாள். மற்ற நாட்களில் ஐந்தரை, ஐந்து முப்பத்திரண்டு என்று நேரம் இருந்தது. அந்த நான்கு நாளிலும் ஆறு இருபதுக்கு மேல். கையெழுத்து அவளுடையதுதான், கொஞ்சம் சாய்ந்திருந்தது. அத்தனை தாமதமாகப் போனதாக அவளுக்கு ஒருநாள்கூட நினைவில்லை. அவளோ வெள்ளை உடுத்துகிறவளும் இல்லை. விடியற்காலையில் மதகுக்குப் போகும்போது அவள் மேல் இருப்பது அரக்குக் கலரில் பெரிய பூப்போட்ட நைட்டி. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதைத் தள்ளினாள்.

மறுநாள் சாயங்காலம், பழுதான பெட்டி ஒன்றுக்குப் புது பேட்டரி போட்டு, இருட்டியதும் குவார்ட்டர்ஸ் வாசலில் வைத்துச் சோதித்தாள். கையை ஆட்டினாள். பெட்டி சத்தமில்லாமல் படமெடுத்தது. சின்னத் திரையில் பார்த்தபோது அவள் கைக்குப் பின்னால் துணிக்கொடி தெரிந்தது. கொடியில் அவளுடைய நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. படத்தில் அது வெள்ளையாக இருந்தது. பூ இல்லை, அரக்கு இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. இருட்டில் அந்தப் பெட்டி வீசும் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் சாயம் நிற்பதில்லை. நான்கு வருடமாக அவள் அதில் பார்த்ததெல்லாம் உடுத்தாத உயிர்கள்தான். அதனால் இது அவளுக்குத் தெரிய வழியில்லாமல் போயிருந்தது.

நைட்டியைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். பிறகு பிரித்து விளிம்பைப் பார்த்தாள். துவைத்தும் போகாத சேற்றுக் கறை ஒரு முழ உயரத்துக்கு இருந்தது.

ஒருவர் தன் முகத்தைத் தினமும் பார்க்கிறார். தன் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? ஊரார் முகத்தையெல்லாம் திருத்தியவளுக்குத் தன் முதுகு அந்நியமாக இருந்தது. ஆனாலும் அவளுக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியையே வாசலுக்கு எதிரே முருங்கை மரத்தில் கட்டினாள். மூன்று நாள் காலையில் அவளே மதகுக்குப் போய்வரும் படங்கள்தான் இருந்தன. தலையில் துண்டு, கையில் நோட்டு, பழக்கமான அவசரம். நான்காம் நாள் படத்தில் துண்டு இல்லை. முடி அவிழ்ந்திருந்தது. முகம் நேராகப் பெட்டியைப் பார்த்தது.

பதினெட்டு வருடத்தில் அவள் எத்தனை லட்சம் முகம் பார்த்திருப்பாள். கேமரா இருப்பது தெரியாதவனின் முகத்தில்கூட யாரோ ஒருவர் உள்ளே இருப்பது தெரியும். இதில் தெரியவில்லை. கண் திறந்திருந்தது. வாயில் ஒன்றுமில்லாமலே தாடை எதையோ மென்றுகொண்டிருந்தது, அடுத்தடுத்த மூன்று படத்திலும். கடைசியாக, பனிக்குள் போகும் முதுகு. அவள் காலை உரசாத குறையாக, ஒரு நரி நின்றிருந்தது. அது அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

அன்று பகலில் ஒன்பதாம் பெட்டி இருந்த இடத்துக்குப் போனாள். தண்ணீர் ஓரத்தில் புல் முளைக்காமல், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மண் வழுவழுப்பாகப் பதிந்திருந்தது. நாலைந்து நாளில் அப்படி ஆகாது. பெட்டி கட்டுவதற்கு முன்பே, எத்தனை மழைக்கு முன்பிருந்தோ, அந்த இடம் உட்கார்ந்து தேய்ந்திருந்தது. அவள் அதில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு திரும்பினாள்.

படங்களை அழித்துவிட அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அழிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது அடுத்த முறை இடுப்பளவாக இருக்கலாம். அக்காவுக்குப் போன் செய்து, "ஒரு டாக்டரைப் பார்க்கணும்க்கா, நீயும் வா," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பெண், நிதானமாகப் பேசினார். அது ஒரு வகை வலிப்பு, கை கால் இழுக்காது, ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அரைமணி, முக்கால் மணிகூட நினைவில் நிற்காது என்றார். "எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டார். சுந்தரவல்லிக்கு ஸ்டுடியோ முதலாளி மேசையைத் தட்டுவது ஞாபகம் வந்தது. எங்கம்மா போயிட்ட, என்று கேட்பார். தூக்கம் என்று நினைத்துச் சிரிப்பாள்.

"அந்த நேரத்துல நான் எங்க இருப்பேன் டாக்டர்?"

"அங்கதான் இருப்பீங்க. மனசுல பதியாது, அவ்வளவுதான்."

சந்திரிகா பஸ்ஸில் தாம்பரம் வரைக்கும் தங்கையின் கையை விடவில்லை. "அந்தத் தண்ணிக்காட்டுக்கு இனிமே போகாதடி," என்று மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

வேதாசலத்திடம் படங்களையும் டாக்டர் சீட்டையும் சேர்த்தே கொடுத்தாள். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் கொடுத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"உங்களைப் பிடிக்க உங்களையே காவல் போட்டிருக்கேன்," என்றார்.

"எனக்கும் தெரியாது சார்."

"தெரிஞ்சு வந்து சொன்னீங்கல்ல." அத்துமீறல் அறிக்கையில், படத்தில் இருப்பது ஊழியர், உடல்நலக் காரணம் என்று எழுதி முடித்தார். தண்ணீரோரக் குவார்ட்டர்ஸ் கூடாது என்றார். அலுவலகத்துக்குப் பின்னால் நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் ரத்தினபாயின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. நீர்மட்டம் பார்ப்பது ஷெர்வினுக்குப் போயிற்று. படங்கள் அவளிடமே இருந்தன.

ரத்தினபாய் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்பாள். மாத்திரை வேலை செய்தது. டீ பொங்கி அணைவது நின்றது. தலை கொஞ்சம் கனத்தாலும், நாள் இடையில் அறாமல் ஒரே நூலாகப் போயிற்று. பெட்டிகளில் வெள்ளைப் பெண் வரவில்லை.

நரிகள் வந்தன. மாசி மாதம் முழுக்க, ஐந்தே முக்காலை ஒட்டி, இரண்டும் அந்த இடத்துக்கு வந்து படுத்தன. சில நாள் ஒன்று எழுந்து குவார்ட்டர்ஸ் பக்கம் போய்த் திரும்பி வந்தது. காலியான அந்த மண்ணைப் பார்த்தபடியே படம் படமாக உட்கார்ந்திருந்தன. ஷெர்வின் அந்தப் படங்களைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். "உன்னத்தான் தேடுது. நீ பாட்டுக்கு மாத்திரைய நிறுத்திடாதக்கா," என்றான்.

ஒருநாள் விடிந்தபின் ரத்தினபாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். முழு நினைவோடு, செருப்பு போட்டு, தலை முடிந்து. சவுக்கு மறைவிலிருந்து பார்த்தபோது நரி ஒன்று இன்னும் அங்கே இருந்தது. அவள் இரண்டடி எடுத்து வைத்தாள். அது தலையைத் தூக்கி அவளை முகர்ந்து, யாரோ ஒரு மனுஷியைக் கண்ட நரியாக ஓடிப்போயிற்று. "போயிடுச்சு, வா," என்று ரத்தினபாய் நிம்மதியாகச் சொன்னாள். சுந்தரவல்லி நரி ஓடிய பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பங்குனியில் நரிகளும் வருவதை நிறுத்தின. கார்டில் நண்டும் கீரியும் மட்டுமே இருந்ததால், ஒன்பதாம் பெட்டியைத் தெற்கு ஓரத்துக்கு மாற்றிவிடலாமா என்று வேதாசலம் கேட்டார். அவள் திரையில் காலியாகக் கிடந்த அந்த மண்ணைப் பார்த்தாள்.

"இந்த வருஷம் அங்கேயே இருக்கட்டும் சார்," என்றாள்.