பழைய லேபில் புகுந்த எண்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘பழைய லேப்’ என்றே கூப்பிட்டார்கள். தொலைபேசியை எடுத்தால் அவளே, “பழைய லேப் பேசுறேன்” என்பாள். லேப் என்பது மூன்றாம் மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். அறைக்கொன்றாக இரும்பு அடுக்கு. அடுக்கு நிறைய, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் பார்த்ததும் சிரிக்கிற வயசான ரவுட்டர்கள், கம்பிக்குக் கம்பி செய்தி கடத்துகிற பெட்டிகள். சில தொழிற்சாலைகளில் இன்னும் அந்தக் காலத்துப் பாஷையிலேயே பேசிக்கொள்ளும் எந்திரங்கள் இருக்கின்றன. அங்கே எதையாவது மாற்றுவதற்கு முன் இங்கே ஒத்திகை பார்ப்பார்கள்.

தட்டச்சு வேலைக்கு வந்தவள் அவள். யாரும் இல்லாத ஒரு மதியம், கழன்று கிடந்த கேபிளைச் சொருகிவிட்டு, விளக்குகள் பச்சைப் பச்சையாகக் கண் திறப்பதைப் பார்த்தாள். அன்றைக்கு விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ என்னை இப்படிப் பாக்கலையே” என்பான் கணவன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன்.

அந்தப் பழைய பாஷையில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எண் உண்டு, தெருவுக்குப் பெயர் மாதிரி. ரவுட்டர்கள் நிமிடத்துக்கொரு தரம் தங்களுக்குத் தெரிந்த எண்களையெல்லாம் உரக்கச் சொல்லும். வம்புக்கு அலைகிறவர்களின் காதில் விழுந்த செய்தி போல அது லேப் முழுக்கப் பரவிவிடும். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பட்டியலில் யார் வைத்தது என்றே தெரியாத ஓர் எண் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் ஒரு தொழிற்சாலையின் ஒத்திகை அப்படியே நின்றது.

மேலாளர் வாசலில் நின்றே சொன்னார். “சாயங்காலம் தொழிற்சாலைக்காரங்க போன் பண்ணுவாங்க. அதுக்குள்ள அது எங்கேருந்து வருதுன்னு சொல்லும்மா. இந்த ரெண்டு ரூமையும் காலி பண்ணச் சொல்லி மேலேருந்து நச்சரிக்கிறாங்க. இதையும் கண்டுபிடிக்க முடியலைன்னா நான் என்ன சொல்லித் தடுக்கிறது?”

பயத்துக்கு நடுவே, திருட்டுத்தனமாக, அவளுக்குள் ஒரு குறுகுறுப்பும் ஓடியது.

குழந்தையை இடுக்கிக்கொள்வதுபோல் மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு அறைகளையும் இணைக்கும் கேபிளை முதலில் உருவினாள். இனி எண் ஏதாவது ஓர் அறையில்தான் இருக்க முடியும். முதல் அறையில் மடிக்கணினியைச் சொருகிப் பார்த்தாள். இருந்தது. அடுத்த அறைக்குப் போய்ச் சொருகினாள். அங்கேயும் இருந்தது. திரும்பி ஓடிவந்தாள். இங்கேயும் சிரித்தது.

அந்த அறையில் ஏணிமேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தார். “என்ன தங்கச்சி, தனியா ஒளிஞ்சு புடிச்சு வெளையாடுற?”

“அண்ணே, ஒரு நம்பரு. நான் எந்த ரூமுக்குப் போனாலும் அங்க வந்து நிக்குது!”

“பேயா இருக்குமோ?”

“பேய்க்கு நெட்வொர்க் கார்டு கிடையாதுண்ணே. இதுக்கு இருக்கு. கார்டோட முகவரிகூடத் தெரியுது.”

“அப்ப என் பொண்டாட்டிதான். எந்த ரூமுக்குப் போனாலும் பின்னாலயே வருவா.”

லேபில் உள்ள ஒவ்வொரு எந்திரத்தின் நெற்றியிலும் கைரேகைபோல் அதற்கே உரிய கார்டு முகவரியைச் சீட்டில் எழுதி ஒட்டிவைப்பது அவள் வழக்கம். நெற்றி நெற்றியாகப் படித்துக்கொண்டு போனாள். எதுவும் ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றாக அணைத்தாள். அவற்றுக்குள்ளிருந்த மின்விசிறிகள் மூச்சடங்கின. கடைசியில் அந்த அறையில் விழித்திருந்தது ஒரே ஒரு ரவுட்டர். அதன் பட்டியலில் அந்த எண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அப்போது கணவன் கூப்பிட்டான்.

“பாப்பாவை இன்னைக்கு யாரு கூட்டிட்டு வர்றது?” என்று தொடங்கியவன், சட்டென்று, பக்கத்தில் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த அம்மாளிடம் கத்தினான். “அம்மா, அது நீங்க போட்ட இண்டிகேட்டரும்மா! நீங்களே போட்டுட்டு, வண்டிக்குள்ள என்ன சத்தம்னு என்னையே கேட்டா?”

அவள் மெல்லக் குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

மடிக்கணினி. தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து சொருகுவது. அந்த லேபிலேயே நெற்றியில் சீட்டு இல்லாத ஒரே ஜீவன். அதன் கார்டு முகவரியைத் தட்டிப் பார்த்தாள். எழுத்துப் பிசகாமல் அதுவேதான்.

ஒத்திகைக்குப் பழகிக்கொள்ளலாமென்று ஞாயிற்றுக்கிழமை அதில் அந்தக் காலத்து சர்வர் நிரலை ஏற்றியிருந்தாள். உனக்கென்று ஓர் எண் வை என்று அது கேட்டிருக்கிறது. தங்கையோடு போனில் பேசிக்கொண்டே கைக்கு அகப்பட்ட பொத்தான்களை அமுக்கிவிட்டாள். அன்று முதல், திறந்த மாத்திரத்தில் மடிக்கணினி தானும் ஒரு சர்வராக எழுந்து நின்று, அந்த எண்ணைக் கூவிக்கொண்டிருந்தது. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியவள் பரவாயில்லை. இவள் ஆட்டின்மேல் ஏறி உட்கார்ந்தல்லவா தேடியிருக்கிறாள்!

வாயைப் பொத்தினாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

“ஏய், அழுறியா?” என்றான் கணவன்.

“இல்லீங்க... இண்டிகேட்டர்... நானேதாங்க போட்டிருக்கேன்...”

“உனக்கு ஏதுடி வண்டி?”

அவள் போனை வைத்துவிட்டு மடிக்கணினிமேல் கவிழ்ந்து குலுங்கினாள். எலெக்ட்ரீஷியன் பதறி இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். “சத்தங்காட்டாம அணைச்சுடு தங்கச்சி. தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிடு. யாரு கண்டா?”

சொல்லலாம்தான். ஆனால் தானாகச் சரியான கோளாறு தானாகவே திரும்பியும் வரும் என்பது தொழிற்சாலைக்காரர்களுக்கும் தெரியும். ஒத்திகையை அவர்கள் நம்பவே மாட்டார்கள். தவிர, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் இன்று ஆகாது.

மேலாளர் வந்துவிட்டார். கையில் போன் அலறிக்கொண்டிருந்தது. “அவங்கதான். சுருக்கமா சொல்லும்மா. எங்கேருந்து வருது?”

“என்கிட்டேருந்து சார்.”

அவர் அவளைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். முதலில் மீசைதான் ஆடியது. போனைக் காதில் வைத்தார்.

“ஆமா, கண்டுபிடிச்சாச்சு... இல்லை, ரவுட்டருங்க மேல ஒரு தப்பும் இல்லை. இருந்ததை இருந்தபடியே சொல்லியிருக்கு, நமக்குத்தான் காது கேக்கலை... எதுவா? ரெண்டு கால் முளைச்ச சர்வர் ஒண்ணு... ஒத்திகையை நாளைக்கே வெச்சுக்கலாம்.” போனை மூடியதும் அவருக்கும் தாங்கவில்லை. “ரூமைக் காலி பண்ற பேச்சு இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். வேலை செய்யிற லேபை எப்படி மூடுறது? அந்த நம்பர் போயிடுச்சான்னு பாரு முதல்ல.”

அவள் மடிக்கணினியைக் கழற்றிவிட்டு, பழைய திரையொன்றை ரவுட்டரோடு சேர்த்தாள். எண் இன்னும் இருந்தது.

“கொஞ்சம் பொறுக்கணும் சார். வயசானதுங்க. மெதுவாத்தான் மறக்கும்.”

மூவரும் திரையின் முன்னால் தோளுரசி நின்றார்கள். யாரோ மூச்சு விட்டதற்கு யாரோ சிரித்தார்கள். பிறகு, இலையிலிருந்து நழுவும் துளிபோல, பட்டியலிலிருந்து அந்த வரி காணாமல் போனது. ஒன்றுமே புரியாத எலெக்ட்ரீஷியன்தான் முதலில் கைதட்டினார்.