விரதம் இருந்தேன், வயிறாரச் சாப்பிட்டேன்

சில வருடங்களுக்கு முன், மலேசியாவில் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. குறைமாதத்தில் பிறந்த என் மகள் பிழைத்துக்கொண்டால் தைப்பூசத்தன்று பத்துமலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். மகள் பிழைத்தாள். நான்தான் படுத்துவிட்டேன்.

எனக்கு எதிலும் ஒரு படி கூடுதலாகப் போகவேண்டும். மற்றவர்கள் தைப்பூசத்துக்கு முன் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தால், நான் தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தேன். ஒரு வேளைச் சோறு, ரசம், கொஞ்சம் மோர். பசித்தால் கடுந்தேநீர். துறைமுகக் கிடங்கில் வேலை செய்யும்போது காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. வாயில் ருசியே தெரியவில்லை.

எங்கள் காவடிக் குழுவின் தலைவர், "விரதம் சுத்தமில்லப்பா, அதான் சாமி சோதிக்குது. மோரையும் விடு" என்றார். நானும் விட்டேன். காயம் சீழ் பிடித்தது.

கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு மனைவி இழுத்துப்போனாள். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, துத்தநாகச் சத்து, அதாவது சிங்க், ரொம்பக் குறைந்துவிட்டது என்றார். கொஞ்சூண்டுதான் தேவையாம். ஆனால் அது இல்லாவிட்டால் கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் சோர்ந்துவிடுமாம், புண்ணும் ஆறாதாம்.

"விரதத்த நிறுத்துங்க."

"அது மட்டும் முடியாது டாக்டர். விரதத்துக்குள்ளயே ஒரு வழி சொல்லுங்க."

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். புண்ணுக்கு மருந்தும் சிங்க் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, முளைகட்டிய பயறு, பூசணி விதை, பால் எல்லாம் சாப்பிடச் சொன்னார். சாப்பாட்டோடு தேநீர் கூடவே கூடாது, விரதத்தில் இரும்புச்சத்தும் குறையும், தேநீர் அதை உடம்பில் சேரவிடாது என்றார். எல்லாமே சைவம்தானே!

குழுவின் அடுத்த பூஜை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தெம்பே வறுவலும் பயறும் நிறைந்த டப்பாவைத் திறந்தேன். தலைவருக்கு முகம் மாறியது.

"காவடி எடுக்கிற ஆளா நீ? இந்த வெட்டு வெட்டுற?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணே, முருகன்கிட்ட காவடி எடுக்கிறேன்னுதான் சொன்னேன். பட்டினி கிடக்கிறேன்னு சொல்லல லா."

குழுவோடு வராதே என்றார். வரவில்லை என்றேன். அவர் கண்ணெதிரிலேயே டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தைப்பூசத்துக்குள் காயம் காய்ந்துவிட்டது. குழு இல்லாமல், மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு கூட வர, காவடியோடு படியேறினேன். இன்றும் வருடந்தோறும் விரதம் இருக்கிறேன். சாமிக்காக நாக்கை அடக்குவேன், ஆனால் அவர் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளையை வளர்க்கவேண்டிய இந்த உடம்பை யார் சொன்னாலும் வாடவிட மாட்டேன்.