பழைய தொகுதியின் அடிபம்பு

வளைகுடாவில், புஜைராவில் எங்கள் அறையில் தங்கியிருந்த மகனைப் பார்க்க வந்திருந்தார் அவர். முன்பு எம்.எல்.ஏ., இப்போது ஒன்றியத் தலைவர். யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து கும்பிடுவார்.

என் அறைத்தோழன் செல்வத்தின் மனைவி ஊரில் மாசமாக இருந்தாள். தெரு அடிபம்பு பழுதாகி, அடுத்த ஊருக்குக் குடத்துடன் நடந்துகொண்டிருந்தாள். செல்வம் அவரிடம் முறையிட்டான்.

"அந்த ஊரு என் ஒன்றியத்துல வராதே தம்பி."

"உங்க பழைய தொகுதிங்கய்யா. அப்பவும் கேட்டோம்."

"சட்டசபையில பேசினேனே."

"பேசினீங்க. தண்ணிதான் வரல."

எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். செல்வம் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் ஊர் திரும்பிய மறுமாதம், செல்வத்தின் மனைவி பேசி அனுப்பிய கேசட் வந்தது. அவள் குரலுக்குப் பின்னால் யாரோ பம்பு அடிக்கும் சத்தம். செல்வம் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அந்தப் பம்புக்காகப் பக்கத்து ஒன்றியத் தலைவரிடம் அவர் எப்படிப் போய் நின்றாரோ, இன்றுவரை தெரியாது.