ஒன்பதுக்கு ஒன்று குறைய

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருக்கும் மூன்று தளக் கட்டிடத்தின் கீழ்வீட்டில் ஒரு பஞ்சாபி இந்துக் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை நான் படிக்கப் பழகியதற்குக் காரணம் பக்தி அல்ல, வாசனை. கீழே எந்த நாளில் நெய் உருகும், எந்த நாளில் அடுப்பே எரியாது என்று மேல்வீட்டுக்காரன் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்த நாட்காட்டியை இனிப்புக் கடைக்காரர் ஒருவர் இலவசமாகக் கொடுக்கிறார். எல்லா விரதமும் கடைசியில் இனிப்பில்தான் போய் முடிகிறது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குட்டிச் சந்திரன். பௌர்ணமிக்கு மறுநாள் அவர்களுக்குப் புது மாதம் பிறந்துவிடும். மாதத்துக்கு இரண்டு ஏகாதசி. கணவனுக்காக ஒரு பட்டினி, பிள்ளைகளுக்காக ஒரு பட்டினி. மனைவிக்காகக் கணவன் கிடக்கும் பட்டினியைத் தேடிப் பன்னிரண்டு தாள்களையும் புரட்டிப் பார்த்தேன். அச்சடிக்க மறந்துவிட்டார்கள்போல.

எனக்கு நாட்காட்டி விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நான் யாழ்ப்பாணத்தான். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் வைத்துக்கொண்டு, ஒரே புதுவருடத்தை இரண்டு நேரத்தில் பிறக்கவைத்து, எது சரி என்று சித்திரை முழுவதும் சண்டை பிடிக்கும் சாதிசனத்தில் வளர்ந்தவன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் பெட்டிகள் எந்த நாட்டிலிருந்து எந்த நேரத்தில் வந்திறங்கும் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். ஆக, நேரவித்தியாசம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த இரண்டு திறமையும் ஒன்றாகச் சேர்ந்துதான் கீழ்வீட்டு அம்மாவைக் கவிழ்க்கப் பார்த்தன.

அவருடைய கணவருக்கு வசந்தகாலத்தில் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வைத்தியசாலை நடைபாதையில் நின்றுகொண்டு அந்த அம்மா நேர்ந்துகொண்டாராம்: மனிதர் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தால், அடுத்த நவராத்திரிக்கு முழு விரதம் இருந்து, அட்டமியன்று ஒன்பது சிறுமிகளின் காலைக் கழுவி, சாப்பாடு போட்டு, அதன் பிறகே தான் சாப்பிடுவேன் என்று. அவர்கள் இதற்குக் கஞ்சக் என்கிறார்கள். சிறுமிகள்தான் அன்று அம்மன். பெரியபிள்ளையாகாத சிறுமிகளாக இருக்கவேண்டும், அது விதி. வேறு வீடுகளில் ஐந்து பேர் வந்தாலும் அம்மன் கோபிப்பதில்லை. இவர் வாய்விட்டு ஒன்பது என்று சொல்லிவிட்டார். மனிதரும் நடந்து வந்துவிட்டார்.

நானும் கீழ்வீட்டு அம்மாவும் பேசிக்கொள்வது ஆங்கிலம் என்று இருவரும் நம்புகிற ஒரு மொழி. நவராத்திரி தொடங்கிய பிறகு ஒரு நாள், நாட்காட்டியில் புதன்கிழமையைக் காட்டி, “பாயி சாப், அட்டமிக்கு உங்கள் சின்ன மகளை அனுப்புவீர்களா?” என்று கேட்டார். அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மேலே போயிருக்கலாம்.

“இது ஜலந்தரில் கணித்தது,” என்றேன்.

“ஆமாம். என் மாமியார் ஊர்.”

“அங்கே செவ்வாய் மத்தியானம் அட்டமி தொடங்குகிறது. புதன் சூரியோதயத்துக்கு அட்டமி நிற்கும், அதனால் புதன். ஆனால் இங்கே அதே அட்டமி செவ்வாய் விடியுமுன் வந்து புதன் விடியுமுன் போய்விடும். புதன்கிழமை காலை நீங்கள் யாருக்குப் பூரி போட்டாலும் அது நவமி.”

கணக்கு சரி. இன்றைக்கும் யாரும் அதில் பிழை காட்டமுடியாது. அவர் கொஞ்ச நேரம் நாட்காட்டியைப் பார்த்தார். பகல் முழுவதும் ஒரு கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், முப்பது குழந்தைகளுக்குச் சமைக்கும் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தால் விரதத்துக்கென்று உருளைக்கிழங்கும், கியூபெக்காரர் காலையில் அப்பம் சுடுகிற சராஸன் என்கிற பக்வீட் மாவில் தட்டிய ஒரு ரொட்டியும்தான். பட்டினியில் ஒரு நாளைத் தள்ளுபடி செய்கிற வானசாஸ்திரம் யாருக்குத்தான் பிடிக்காது.

“அப்போ செவ்வாய்,” என்றார்.

அன்று மாலையே சிக்கல் தெரிந்துவிட்டது. மற்றப் பஞ்சாபி வீடுகள் எல்லாம் ஜலந்தரோடு நின்றன. எங்கள் தெருவில் சிறுமிகளுக்கு ஏற்கெனவே தட்டுப்பாடு. அட்டமியன்று பள்ளிக்கூடப் பேருந்து வருவதற்குள் ஒரே ஐந்து அம்மன்கள்தான் வீடு வீடாக ஓடி, கடைசி வீட்டில் பூரியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். செவ்வாய்க்கு அந்த ஐந்து பேரும் கிடையாது. “செவ்வாய்க்கிழமை அட்டமியே இல்லையே” என்று தாய்மார் கதவைச் சாத்திவிட்டார்கள்.

“கவலைப்படாதீர்கள், ஒன்பது பேரையும் நான் கொண்டுவருகிறேன்,” என்றேன் நான். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தட்டுப்பாடில்லை என்ற துணிச்சல்.

மூன்றாம் தளத்தில் இடதுபக்கம் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பெண்பிள்ளைகள். தாய் வாசலிலேயே விசாரணையை நடத்தினார்.

“என்ன அண்ணை, பிள்ளையளைச் சைவமாக்கப் போறியளோ?”

“சாப்பாடு மட்டும்தான் சைவம்.”

“கால் கழுவுறது பறவாயில்லை. பெரிய வியாழனுக்குச் சுவாமியாரும் கழுவுறவர்தானே. நெத்தியில ஒண்டும் பூசக்கூடாது, சொல்லிப்போட்டன். ஏழரைக்குத் திருப்பி விட்டிடோணும்.”

எதிர்க்கட்டிடத்தில் மூன்று சகோதரிகள். அக்காடி மெட்ரோப் பக்கம் மனைவியின் சிநேகிதிக்கு இரட்டைப் பிள்ளைகள். என் வீட்டில் இரண்டு. விரல்விட்டு எண்ணினேன், ஒன்பது. கீழே போய் அறிவித்தேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்காத குறை.

செவ்வாய் காலை ஆறே முக்கால். கீழ்வீட்டு விறாந்தையில் விரிப்பு, ஒன்பது தட்டு, ஒன்பது சிவப்புத் துண்டு, ஒன்பது பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி. நெய் டின்னில் சாய்த்துவைத்த போனுக்குள் ஜலந்தர் மாமியார். அங்கே பின்னேரம். அவர் என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

“என்ன சொல்கிறார்?”

“நீங்கள் நிறையப் படித்தவராம்,” என்றார் கீழ்வீட்டு அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதாம்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர். ஒன்பதாவதாகப் புத்தகப்பையோடு வந்து வாசலில் நின்ற என் மூத்தவள், விரிப்பைப் பார்த்தாள், வெறும் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னை.

“அப்பா, என்னையும் எண்ணினீங்களா?”

“ஓம் பிள்ளை. இரு கெதியா.”

“எனக்குச் சரிவராது. மறந்திட்டீங்களா? ஹோல் எடுத்து ஊருக்கே சொன்னனீங்கள்.”

சொன்னவன்தான். ஜூலையில், புரோசார்டில், பெரிய மண்டபம். அழைப்பிதழில் அவள் படம் இரண்டு பக்கத்துக்கு. அவளைப் பல்லக்கில் வைத்துப் புகைக்குள்ளால் தூக்கி வந்தார்கள்; தலைக்கு மேலே ட்ரோன் கமரா ஒன்று பறந்தது. நானூறு பேரும் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்பதைச் சாட்சியோடு தெரிந்துகொண்டு, சாப்பிட்டு, அல்பப் படத்துக்கு நின்று, வீட்டுக்குப் போனார்கள். கீழ்வீட்டு அம்மா முதல் வரிசையில் இருந்து கைதட்டினார். அவருடைய கணவர் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தின்ற முதல் வடை அந்த மண்டபத்து வடை. நானூறு பேரில் விஷயம் தெரியாமல் இருந்தது, எல்லாருக்கும் கும்பிட்டுக்கொண்டு வாசலில் நின்ற நான் ஒருவன்தான்.

மனைவி படிக்கட்டில் நின்று, “திதி தெரியும், சொந்தப் பிள்ளையைத் தெரியாது,” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கீழ்வீட்டு அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எட்டு நாள் பட்டினி கிடந்த முகம். போனுக்குள் மாமியார் விரலை நீட்டி எண்ணுவது தெரிந்தது. “எட்டுப் பேர் போதாதா?” என்று கணவர் மெல்லக் கேட்டார்.

“நான் எட்டு என்று நேரவில்லை,” என்றார் அவர். “ஒன்பது என்று நேர்ந்தேன். நீங்கள் முழுதாக வந்தீர்கள்.”

ஏழு மணி பத்து. மன்னார்ப் பிள்ளைகளில் இளையவள் பூரியை முகர்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டாள். நாளைக்கு மாற்றினால் ஐந்து பஞ்சாபிப் பிள்ளைகளும் வருவார்கள். ஆனால் நாளைக்கு நவமி என்று நிரூபித்தவன் நான். அதோடு இன்னொரு நாள் பட்டினி.

மூத்தவள் புத்தகப்பையை என் கையில் தந்துவிட்டு மேலே ஏறினாள். மூன்றாம் தளத்தில் வலதுபக்கம் ஜூலை முதலாம் தேதி குடிவந்த ஒரு கியூபெக்காரத் தாயும் ஆறு வயது மகளும் இருந்தார்கள். எனக்கு அவர்களோடு படிக்கட்டுப் ‘போன்ஜூர்’ மட்டுமே பழக்கம். என் கணக்கில் அவர்கள் வரவேயில்லை. மூன்று நிமிடத்தில் நித்திரைச் சட்டையோடு அந்தக் குழந்தை இறங்கி வந்தது. பின்னால் தாய், கையில் ஒவ்வாமைக்கான ஊசியோடு.

“என்ன சொல்லிக் கூட்டிவந்தனீ?” என்றேன்.

“காலைக் கழுவிச் சாப்பாடு தருவினம் எண்டன். கச்சான், கஜு இருக்கோ எண்டு மட்டும்தான் கேட்டவ.”

அல்வாவிலிருந்து கஜுவைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒன்பதாவது அம்மன் தன் ஊசிமருந்து சகிதம் எழுந்தருளினாள். கீழ்வீட்டு அம்மாவுக்குக் குனிந்தால் தலைசுற்றியது. மூத்தவள் சொம்பை எடுத்துத் தண்ணீர் வார்க்க, அவர் ஒவ்வொரு காலாகக் கழுவினார். பதினெட்டுக் கால். மன்னார்ப் பிள்ளைகளின் நெற்றியைத் தவிர்த்துக் கையில் சிவப்பு நூல் கட்டினார். கியூபெக் அம்மன் மூன்று முறை அல்வா கேட்டாள். மாமியார் போனுக்குள்ளிருந்து அவளைத்தான் ஆகக் கூடுதலாகக் கும்பிட்டார்.

ஏழரைக்கு விறாந்தை காலியானது. கீழ்வீட்டு அம்மா அடுப்படியில் நின்றபடியே, ஆறிப்போன பூரி ஒன்றைக் கடலையோடு மடித்து வாயில் வைத்தார். மென்றுகொண்டிருக்கும்போதே கணவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் ஒரு தட்டு வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு புவாண்ட்-கிளேர் பேருந்துக்கு ஓடினேன்.

மறுநாள், ஜலந்தரின் அட்டமி. காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. பக்கத்துக் கட்டிடத்துப் பஞ்சாபிக்காரர், குளித்த தலையோடு, அவசரமாக.

“பாயி சாப், உங்கள் வீட்டில் கஞ்சக் எத்தனை பேர்? இரண்டுதானே?”

வாயில் வந்ததை விழுங்கிவிட்டு யோசித்தேன்.

“ஒன்று,” என்றேன்.

உள்ளே அறையில் தலைவாரிக்கொண்டிருந்த மூத்தவள், “சரி,” என்றாள்.