மூன்றாவது பரிந்துரை

போன வாரம் அலுவலகம் போகும் வழியில் வண்டி பஞ்சர். துரைப்பாக்கம் பக்கத்தில் ஒரு மரத்தடிக் கடையில் நிறுத்திவிட்டு, பத்து மணிக் கூட்டத்துக்கு என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ட்யூபைத் தேய்த்துவிட்டு சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான், கூட்டமாவது ஒன்றாவது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் நான் நெய்வேலியில் இருப்பேன். சொந்த ஊர் என்றால் மற்றவர்களுக்கு மல்லிகையோ மழைபெய்த மண்ணோ ஞாபகம் வருமாம். எனக்குப் பஞ்சர் கடை. என்ன செய்ய.

சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி ரப்பர் பெல்ட்டில்தான் வெளியே வரும். மைல் கணக்கில் ஓடும் பெல்ட். அது அடிக்கடி கிழியும். கிழிந்த இடத்தை வெட்டி, தேய்த்து, சொல்யூஷன் பூசி, சூடு வைத்து ஒட்டுவார்கள். அந்த வேலையை எடுத்திருந்த பல ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்றின் தகரக் கொட்டகையில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இப்போது அது எந்தப் பெயரில் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மென்பொருள் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு. நிறுவனங்கள் புது மென்பொருளை வாங்கிய பிறகு அங்கே உள்ளவர்கள் அதை நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா என்பது என் தலைப்பு. அப்பாவுக்கு இதை ஆறு தடவை விளக்கியிருப்பேன். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் மாறாத பேச்சில், “கம்ப்யூட்டர்ல என்னமோ எழுதுதான், முடியட்டும்” என்பார். ஆய்வேட்டில், ‘இக்களம் நோக்க அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். நோக்கம் என்னவென்றால் வீட்டுச் சாப்பாடு. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு சைக்கிளில் போய்விட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம்.

உண்மையில் அந்த இடத்தில் ஒரு புதிர் இருந்தது. எந்தப் பெல்ட்டில் எந்த ஒட்டு, எப்போது போட்டது, ஏன் கிழிந்தது என்று ஒவ்வொரு தொழிலாளியும் தன் கணக்கில் நுழைந்து பதிய வேண்டிய மென்பொருள் அது. இந்த மாதிரி மென்பொருள்களின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். திறப்பு விழாவுக்கு லட்டு கொடுப்பார்கள், மூன்று மாதத்தில் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் இந்தக் கொட்டகையில், முதல் வாரம் தவிர, பதினோரு பேரும் ஒரு ஷிப்ட் தவறாமல் பதிந்திருந்தார்கள். அதுவும் காரணத்தோடு, விவரத்தோடு. என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தத் தரவைப் பார்த்துவிட்டு, திரை வடிவமைப்புதான் காரணமாக இருக்கும், போய்ப் பார் என்று அனுப்பினார்.

முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து எல்லோரும் வந்தபோது பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிட்டது. கைகளில் சொல்யூஷனும் ரப்பர் தூளும் அப்பியிருந்தன. அந்தக் கையால் டேப்லெட்டைத் தொட்டால் திரை போய்விடும். ஒருவரும் தொடவில்லை. கவிழ்த்த கிரீஸ் டப்பாவின் மேல் மடியில் டேப்லெட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் டிரம்மில் மொண்டு குடித்தபடி ஒவ்வொருவராகச் சொல்ல, அவர் அடித்தார். ஒருவர் கணக்கை மூடுவார், அடுத்தவர் கணக்கைத் திறப்பார். அஞ்சலாட்சி அக்கா.

“அண்ண, நேத்தும் இதே ஜாயிண்டுதான பிஞ்சிச்சி. ஏன்னு போட?”

“ஏதாச்சும் போடும்மா.”

“ஏதாச்சும்லாம் போட மாட்டன். ரோலர் சுத்தலியா, கல்லு மாட்டிக்கிச்சா? சொல்லிட்டுப் போய்த் தண்ணி குடி.”

இப்படிக் கேட்டு வாங்கித்தான் அந்தக் காரணங்கள் எல்லாம் வந்திருந்தன. பதினோரு பேரின் கடவுச்சொல்லும் அக்காவுக்கு மனப்பாடம். வைத்ததே அவர்தான். பத்துப் பேருக்கு மூத்த பிள்ளையின் பெயர். கல்யாணமாகாத ஒருவருக்கு மட்டும் மந்தாரக்குப்பம் செல்போன் கடையில் நிற்கும் ஒரு பெண்ணின் பெயர். அந்த மனிதர் நான் இருந்த நான்கு மாதமும் அதை எல்லோர் முன்னாலும் மறுத்துக்கொண்டிருந்தார், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

அக்காவுக்கு வளையமாதேவிப் பக்கம். பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர். வீட்டில் நிலம் கிடையாது, அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். மந்தாரக்குப்பத்தில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்து, எட்டாவது படிக்கும் மகளோடு இருந்தார். அவர் கழுத்தில் தொங்கிய நுழைவுப் பாஸில் ‘ஹெல்பர்’ என்று இருந்தது. கொட்டகையைக் கூட்டி, டிரம்மில் தண்ணீர் நிரப்புவதுதான் காகிதத்தில் அவர் வேலை. மென்பொருள் வந்த முதல் வாரம் யாரும் பதியவில்லை என்று இன்ஜினியர் கத்தியபோது, டைப்பிங் தெரியும் என்று வாயை விட்டாராம். அன்றிலிருந்து அதுவும் அவர் தலையில்.

ஆய்வுக்குப் பேட்டி எடுக்கும்முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு அதில் ஒரு பெருமை. வக்கீல் மாதிரி குரலை வைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன்.

“உங்க பேரு எங்கயும் வராதுக்கா. பயப்படாதீங்க.”

“வராதா? ஏன் தம்பி, வந்தா இன்னா?”

பங்கேற்பவர்களைப் பாதுகாக்கத்தான் அந்த விதி என்று விளக்கினேன். அக்கா படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“செரி, பேரு போவுது. நான் செய்ற வேல வருமில்ல? ஹெல்பர்னே போட்டுக்கினு இருக்கானுங்க. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி பாஸ் புதுப்பிக்கறப்போலாம் குடுப்பானுங்களா மாட்டானுங்களான்னே தெரியல. ஆபரேட்டர்னா வருசத்துக்கு ஒரு பாஸ்தான். பொண்ணு பத்தாவது முடிக்கிறவரைக்கும் இங்கியே இருந்துக்கலாம். நான் கேட்டா எவன் நம்புவான்? நீ படிச்சவன், எழுதுனா நம்புவாங்க.”

“கண்டிப்பா வரும்கா.”

இதைச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. சொல்லிவைக்கிறேன்.

அந்த நான்கு மாதம் நன்றாகவே போனது. மே மாதத்தில் யாராவது ஒரு பலாப்பழம் தூக்கி வருவார்கள். பிசின் ஒட்டாமலிருக்க எண்ணெய்க்கு எங்கே போவது? சுத்தமான கிரீஸைத் தடவிக்கொண்டு உரிப்பார்கள். சுளையில் லேசாக இயந்திர வாடை அடிக்கும். நானும் தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. என் நோட்டில், பலாப்பழம் தின்ற ஒரு நாளின் பக்கத்தில், ஒரு விரல் ரேகை எண்ணெயாக ஊறிப்போயிருந்தது.

நான் எழுதியதைப் படித்ததும் பேராசிரியர், “இதுதான்யா ஃபைண்டிங்!” என்றார். மென்பொருள் வெற்றி பெற்றதற்கு மென்பொருள் காரணமில்லை, அதற்கும் ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் காரணம், நிறுவனத்தின் எந்தப் பட்டியலிலும் அந்த வேலை இல்லை. கட்டுரையில் அக்கா ‘பங்கேற்பாளர் 7’ ஆனார். அனுமதி கொடுத்தபோதே நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. முடிவில் அவர்களுக்கும் ஓர் அறிக்கை தர வேண்டும், பரிந்துரைகளோடு.

பரிந்துரைகளுக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலாவது, பங்கேற்பாளர் 7 செய்யும் வேலையை முறையான பதவியாக அங்கீகரிக்க வேண்டும். இரண்டாவது, பதிவு செய்ய ஷிப்ட் நேரத்துக்குள்ளேயே பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். இரண்டையும் அக்கறையோடு எழுதினேன். பேராசிரியர் போனில் கூப்பிட்டார்.

“என்னய்யா, ரெண்டே ரெண்டா? மூணு இருந்தாத்தான் பார்க்க ஒழுங்கா இருக்கும். எதையாவது சேரு.”

எங்கள் துறையில் எதற்கும் மூன்று வேண்டும். சிரிக்காதீர்கள், நிஜம். அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தார். கல் காய்வதற்குள் ஒரு வரி அடித்துச் சேர்த்தேன். ‘ஒவ்வொரு பயனரும் தமது கணக்கில் தாமே பதிவதை உறுதிசெய்தால் பொறுப்புடைமை வலுப்படும்.’ எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் வரி. அதில் தப்பு என்று சொல்லவும் ஒன்றுமில்லை. அனுப்பிவிட்டு நான்கு தோசை சாப்பிட்டேன்.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது. ஒரு பிரதியும் அரைக்கிலோ மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கிரீஸ் டப்பா இருந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் விரல்ரேகைக் கருவியோடு திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள். கேங்குக்குத் தலைவரான பழனிவேல் மேஸ்திரி கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்ப்பதும் கருவியில் வைப்பதுமாக நின்றார். வருடக்கணக்கில் சொல்யூஷன் தின்ற விரலில் ரேகை ஏது? அது சிவப்பாகவே எரிந்தது.

“அக்கா எங்கண்ணே?”

“அது இப்ப வர்ரதில்லப்பா. பாஸ் புதுப்பிக்கல. அவங்கவங்களே போடணும், அடுத்தவங்க பாஸ்வேர்டுல ஒருத்தர் போடக் கூடாதுன்னு மேலருந்து சொல்லிட்டாங்க. எவனோ படிச்சவன் எழுதிக் குடுத்தானாம்.”

எட்டாவது முறையில் பச்சை எரிந்தது. மேஸ்திரி ஒரு கட்டத்தையும் படிக்காமல் வரிசையாகத் தட்டினார். கிழிந்த காரணம் என்ற இடத்தில் ‘மற்றவை’. அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர், எல்லோரும் ‘மற்றவை’. அந்த எவனோ நான்தான் என்று நான் சொல்லவில்லை. மைசூர்பாகைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

நெஞ்சு அடைத்தது, கண் இருட்டியது என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் அடைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டுவிட்டு உட்கார வைப்பார்களே, தாடை நம்முடையது மாதிரியே இருக்காது, அப்படி இருந்தது. இத்தனை வருடத்தில் அது முழுக்கத் தெளிந்ததாகவும் சொல்ல முடியாது.

வடலூர்ப் பக்கம் ஒரு முந்திரி உடைக்கும் கொட்டகையில் அக்கா இருப்பதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். போனேன். வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவிலிருந்து எழுந்து வந்தார். முந்திரித்தோட்டுப் பால் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்து உரிந்திருந்தது. மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டிருப்பதாகவும், பள்ளிக்கூடம் மாற்றியாகிவிட்டது என்றும் சொன்னார். என்மேல் கோபம் இருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். இல்லை. அந்த மூன்றாவது வரியை எழுதியது யார் என்று அவருக்கும் தெரியாது. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டார்.

“அதான் அந்த புஸ்தகமா? நான் எங்க இருக்கன், காட்டு.”

காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

“ஏழுன்னா நானா?” கறுத்த விரலைத் தாளில் படாமல் வரியின் மேலே ஓட்டிக்கொண்டே கேட்டார். “நல்லாதான் எழுதிக்கிற. இத வச்சி திரும்பக் கேக்கலாமா தம்பி?”

“பார்க்கலாம்கா.”

நான் பார்க்கவில்லை. அவருக்காக யாரிடமும் போகவில்லை. ‘மற்றவை’ என்று நிறைந்துகொண்டிருந்த புதுத் தரவை மட்டும் கேட்டு வாங்கி, தனிநபர் அடையாளச் சரிபார்ப்பு வந்தபின் பதிவுகளின் தரம் எப்படிச் சரிந்தது என்று இரண்டாவது கட்டுரை எழுதினேன். அதில் முதல் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறேன். இரண்டில் அதுதான் பெயர் வாங்கியது. இப்போது பார்க்கும் வேலையும் அதைப் பார்த்துவிட்டுக் கொடுத்ததுதான்.

அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்க்கலாம் என்றால் அது நின்ற தரையே இல்லை. சுரங்கம் நகர்ந்து வந்து வெட்டிக்கொண்டு போய்விட்டது, அங்கே இப்போது வெறும் ஆழம். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தென்காசிப் பக்கம் போய்விட்டார்கள். அக்காவின் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியில் சொல்கிறது. முந்திரிக் கொட்டகையில் யாரோ அவர் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். யாரோ இல்லை என்றார்கள்.

பங்கேற்பாளர் எண்களும் அவர்களின் நிஜப் பெயர்களும் இருக்கும் தாளை, ஆய்வு முடிந்து ஐந்து வருடம் பூட்டிவைத்துவிட்டுப் பிறகு அழிக்க வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. எடுத்துப் பார்த்தேன். எண், பெயர், பணி என்று மூன்று கட்டம், என் கையெழுத்து. பாஸில் உள்ளதை எழுதாமல், பார்க்கும் வேலையை எழுதியிருக்கிறேன். ஏழு, அஞ்சலாட்சி, ஆபரேட்டர். அவர் பெயரும் அந்தச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த தாள் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அலுவலகத்தின் காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் போட்டேன். விதிப்படி, அழித்தாயிற்று என்று பதில் அனுப்பினேன்.