இடைவெளியை வாசித்தவர்

இந்திய விடுதலைக்காகப் பாதி ஆயுளைச் சிறையில் கழித்த அந்தத் தலைவரின் எழுத்து முழுவதையும், ஒரு கமா விடாமல் காதால் கேட்டவள் இந்தப் பூமியில் நான் ஒருத்திதான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுகிறேன். ஆறாம் தொகுதியில் பாதியைத் தூங்கியே கழித்தேன். ஆனால் தூங்காமல் முழுவதையும் வாசித்தவர் ஒருவர் உண்டு. என் அக்காவின் கணவர். அவரைப் பற்றித்தான் இது.

தலைவர் மறைந்தபின் அவருடைய கட்டுரைகள், மேடைப் பேச்சுகள் எல்லாவற்றையும் கால வரிசையில் தொகுக்க ஓர் அலுவலகம் திறந்தார்கள். மாடியில் நீள அறை. எந்நேரமும் பசை வாடை. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் தாள் பறக்குமென்று அணைத்தே கிடக்கும். அத்தானும் நானும் எதிரெதிரே உட்காருவோம். அவர் மூலப் பிரதியை உரக்க வாசிப்பார். நான் அச்சுப்படியில் விரல் ஓட்டிப் பிழை திருத்துவேன். நிறுத்தக்குறிகளையும் வாயால் சொல்ல வேண்டும். மூலத்தைக் கரையான் தின்ற இடம் வந்தால் "இடைவெளி" என்று சொல்லித் தாண்ட வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

அத்தானுக்கு வீட்டிலும் அதே பேச்சு ஒட்டிக்கொண்டது. "மகாராணி, கமா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா, கேள்விக்குறி" என்பார். அக்காவை அவர் மகாராணி என்றுதான் கூப்பிடுவார். "கிடைக்காது, முற்றுப்புள்ளி" என்றபடியே அக்கா சொம்போடு வருவாள்.

சிறைத் தொகுதி வந்தபோது சிரிப்பு குறைந்தது. மதிய இடைவேளையில் அத்தான் அறைக்குள் சில அடி நடந்து, சுவரே இல்லாத இடத்தில் சட்டென்று திரும்பினார். மறுபடி நடந்து, மறுபடி திரும்பினார். உண்ணாவிரதக் கட்டுரைகள் ஓடிய வாரங்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தலைவருக்கு முழங்கால் வலி கண்ட தொகுதியில் இவர் நொண்டினார்.

"அடுத்த தொகுதில அவருக்குப் பல்லு விழுதாம் அத்தான், இப்பவே பத்திரமா கழட்டி வச்சிடுங்க" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. மெல்லத் தாடையைத் தடவிக்கொண்டார்.

ஒருநாள் கரையான் தின்ற தாள் வந்தது. அத்தான் "இடைவெளி" சொல்லவில்லை. நிற்காமல் வாசித்துக்கொண்டே போனார். என் அச்சுப்படியில் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. தொகுப்பாசிரியர் வந்து நின்றார்.

"யாருய்யா உங்களைச் சொந்தமா சேர்க்கச் சொன்னது?"

"சேர்க்கலீங்க. இருந்ததைத்தான் வாசிச்சேன்."

"எங்க இருக்கு, காட்டுங்க."

அத்தான் ஓட்டையின்மேல் விரல் வைத்தார். அதன் வழியாக மேசை தெரிந்தது.

சில வாரம் கழித்து அதே கட்டுரையின் முழுப் பிரதி ஒன்று வேறொரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு சொல் பிசகவில்லை. தொகுப்பாசிரியர் அதற்குப்பின் எங்கள் அறைக்கு வருவதையே விட்டுவிட்டார். எதுவானாலும் ஆள் அனுப்புவார்.

அப்போதுதான் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"உங்க அத்தான் என்னைத் தாயேன்னு கூப்பிடுறாருடி."

தலைவர் எல்லாப் பெண்களையும் தாயே என்றுதான் அழைப்பார்.

"தூக்கத்துலயா?"

"நல்லா முழிச்சுக்கிட்டே. கடைசித் தொகுதி முடிஞ்சா இவரு திரும்பி வந்துடுவாரா, இல்ல அந்த மனுஷனோடயே போயிடுவாரா? எனக்கு என் ஆள் வேணும்டி."

கடைசிக் கட்டுரை பாதி வாக்கியத்தில் நிற்கும். அதை எழுதும்போதுதான் தலைவர் நாற்காலியில் சாய்ந்து உயிர் விட்டார். அதை வாசிக்கும் நாளில் அக்கா வந்து அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. நல்ல பகல், சன்னல் நிறைய வெயில். பாதி வாக்கியம் வந்தது. தாள் முடிந்தது. குரல் முடியவில்லை. அத்தான் வெறும் மேசையைப் பார்த்து வரி வரியாக வாசித்துக்கொண்டே போனார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி, நடுநடுவே இல்லாத தாளைத் திருப்ப விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு. என் விரலும் அச்சுப்படியைத் தாண்டி மரத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

அக்கா எழுந்து அவர் வாயைப் பொத்தினாள். குரல் நின்றது. அத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மகாராணி, கமா, கையில வெங்காய வாடை" என்றார். அறையே சிரித்தது. அதன்பின் செய்தித்தாளும் பூந்தொட்டியுமாகப் பல வருஷம் நிம்மதியாக வாழ்ந்து, ஒரு தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

இதுவரை எழுதியதை இப்போது அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. வெங்காயம் நீ போட்டது."

"சரி, எடுத்துடறேன்."

"நான் பொத்தினப்போ அவர் உதடு என் உள்ளங்கையில ஆடவே இல்லடி. குரல் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது தானா நின்னப்புறம் என்னைப் பார்த்து, 'போகலாமா, தாயே'ன்னார். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு தடவைகூட மகாராணின்னு கூப்பிடல. அதையும் எழுது."